ஆறு மணிக்கு மேல் ஆண் பிள்ளை

செவ்வாய்க் கிரகத்தின் செங்குடில் நகரில் திங்கட்கிழமை காலை என்றால் கைச்சில்லு மையத்தின் வாசலில் கூட்டம் அலைமோதும். பதினாறு வயது முடிந்த பையன்கள் புதுச்சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு இட்டு, வலது மணிக்கட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இயந்திரம் எலும்புக்குள் ஒரு சில்லைச் செருகும். சுருக்கென்று ஒரு வலி, அவ்வளவுதான். ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் உள்ளே போனவன், பனிச்சுரங்க மெக்கானிக்காக வெளியே வருவான். அம்மா வாயில் சர்க்கரைப் பொங்கலை ஊட்டுவாள். மறுநாளே வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். வேறென்ன வேண்டும்?

பெண்களுக்கு மட்டும் சில்லு கிடையாது. மணிக்கட்டில் தழும்பு விழுமாம். தழும்பு விழுந்த பெண்ணை எவன் கட்டுவான் என்று முதலில் குடியேறியவர்கள் கவலைப்பட்டார்கள். ராக்கெட் ஏறி இத்தனை கோடி மைல் வந்தவர்கள் அந்தக் கவலையையும் பத்திரமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், பாருங்கள்! சில்லு இல்லாத பெண் என்ன செய்வாள்? பாடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தாள். மூன்று தலைமுறையில் கல்லூரி முழுக்கப் பெண்கள். நகருக்கே காற்று தயாரிக்கும் மூச்சாலை, மருத்துவமனை, நகரமன்றம் எல்லாம் பெண்கள் வசம். ஆண்களிடம் சில்லு மட்டும் இருந்தது.

அதன் பிறகுதான் வினை ஆரம்பித்தது. படித்த பெண்களுக்குப் பேச்சுத்துணைக்குக்கூட ஒரு மாப்பிள்ளை அகப்படவில்லை. கல்யாணங்கள் தள்ளிப்போயின, தொட்டில் கட்டும் வீடுகள் குறைந்தன. நகரமன்றம் கூடி, ஆண் பிள்ளைகளை எப்பாடுபட்டாவது கல்லூரிக்கு இழுத்து வருவது என்று தீர்மானம் போட்டது. கை தட்டினார்கள். ஒரு பையனும் வரவில்லை.

அப்புறம் வந்தான் நன்மாறன்.

பனிச்சுரங்கக் குடியிருப்பைச் சேர்ந்த பையன். அவன் அப்பா முருகவேல், சில்லுக்காரர். ஒருநாள் அவர் காற்றுக்குழாய் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நன்மாறன் கேட்டான்.

"அப்பா, ஏன் நீல வால்வை முதல்ல மூடுறீங்க?"

"தெரியாதுடா. கைக்குத் தெரியும்."

பையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் மூச்சு விடும் காற்று இது. அதை ஓட்டுகிறவருக்கு ஏன், எதற்கு என்று தெரியாதா? அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். சில்லு வேண்டாம், கல்லூரிக்குப் போய் மூச்சாலைப் பொறியியல் படிக்க வேண்டும்.

முருகவேல் குதித்தார். "பதினெட்டு வயசுக்கு மேல எலும்பு இறுகிடும், சில்லு ஒட்டாது. காலேஜ்லயும் ஃபெயிலாயிட்டு வந்தா என்ன பண்ணுவ? உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணான்னு நிக்கப்போற!"

"ஃபெயிலாக மாட்டேன்ப்பா."

நுழைவுத்தேர்வு முடிவு வந்த அன்று செங்குடிலே அமர்க்களப்பட்டது. ஆண் பிள்ளை பாஸ்! கல்லூரியின் முதல் மாணவன்! நகரமன்றம் விடுமுறை அறிவித்தது. அடுத்த குடியிருப்பிலிருந்தெல்லாம் அவனைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். இரண்டு பேர் ஜாதகம் கேட்டார்கள். இத்தனைக்கும் நடுவில், அவன் பதினெட்டு வயதைத் தாண்டியதை யாரும் கவனிக்கவில்லை, முருகவேலைத் தவிர. இனி அவனுக்கு இருப்பது படிப்பு ஒன்றுதான்.

பையன் தங்க இடம் வேண்டுமே! ஆண்கள் விடுதி நடத்திப் பழக்கமில்லாத கல்லூரி முதல்வர் மரகதவல்லி, கிடங்கைத் துழாவச் சொன்னார். பூமியிலிருந்து வந்த ஒரு பெட்டி அகப்பட்டது. உள்ளே ஒரு வார்டன் எந்திரம். பூமியில் மகளிர் விடுதி ஒன்றைக் கட்டிக்காத்த எந்திரமாம். "கல்லூரியில் எந்தப் பாலார் குறைவோ அவர்களைப் பாதுகாக்கவும்" என்று அதற்குக் கட்டளை இட்டார்கள். அது கண்ணைத் திறந்தது. முதல் வேலையாக விடுதியைச் சுற்றி ஒரு காம்பவுண்டுச் சுவர் எழுப்பி, அதன் மேல் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தது.

காற்று வெளியேறாமல் ஒரே பெருங்கூரையால் மூடிய ஊர் செங்குடில்; அங்கே சுவர் எல்லாம் கூரையைத் தொடும். கூரையைத் தொடாமல் பாதியில் மொட்டையாய் நிற்கும் சுவரை அந்த ஊர்க்காரர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

மூச்சாலைப் பாடத்தின் உயிரே செய்முறை வகுப்புதான். பகலில் இயந்திரங்களுக்கு ஓய்வில்லை. ஆகவே வகுப்பு மாலை ஏழு மணிக்கு. முதல் வகுப்புக்கு வராதவர் பெயர் பட்டியலிலிருந்து அடிபடும். அந்த வகுப்பு வியாழக்கிழமை. நன்மாறன் திங்கட்கிழமையே ஒத்திகை பார்க்கிற மாதிரி, ஆறரைக்குக் கையுறையும் கண்ணாடியுமாய்த் துள்ளிக்கொண்டு கிளம்பினான். கேட் பூட்டியிருந்தது.

"எங்க கெளம்பிட்ட?" என்றது வார்டன் எந்திரம்.

"மூச்சாலை வரைக்கும், மேடம்."

"ஆறு மணிக்கு மேல ஆம்பளப் புள்ளைக்கு வெளிய என்ன வேலை?"

"படிக்கத்தான்!"

"படிக்கிற புள்ள ரூம்ல உக்காந்து படிக்கும். வெளிய முழுக்கப் பொண்ணுங்க. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? உங்கப்பா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

நன்மாறனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவங்களால எனக்கு ஆபத்துன்னா, அவங்களைப் பூட்டி வைங்களேன்!"

எந்திரம் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தது. "பூமியில நெறைய புள்ளைங்க இதையே கேட்டுச்சு. அதுக்கு எனக்கு எதுவும் எழுதி வைக்கல. போய்ச் சாப்பிடு."

மறுநாள் காலை முதல்வரிடம் ஓடினான். மரகதவல்லி நல்ல மனுஷி. உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்ப்பா. இருக்கிறது ஒரே பையன். உன்னைப் பொத்திப் பொத்தி வளர்க்க வேண்டாமா?"

"மேடம், வியாழக்கிழமை வகுப்புக்குப் போகலைன்னா என் பேரை அடிச்சுடுவாங்க. எனக்குச் சில்லும் கிடையாது. நான் எங்க போவேன்?"

"புரியுது, புரியுது. பையன்கள் ஏன் காலேஜுக்கு வர்றதில்லைன்னு ஆராய ஒரு குழு போட்டிருக்கோம். நீதான் ஆண் உறுப்பினர்! வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம்."

"ஆறு மணிக்குத்தான் கேட்டைப் பூட்டிடறாங்களே, மேடம்?"

"அதையும் கூட்டத்துல வந்து சொல்லு," என்றார் மரகதவல்லி, அன்பாக.

வியாழக்கிழமை மாலை. விடுதி முற்றத்தில் கூண்டுப் புலி போல் நடந்தான் நன்மாறன். கேட்டருகே எந்திரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. மணி ஏழை நெருங்கியது. ஆத்திரம் தாங்காமல் ஓங்கித் தரையை உதைத்தான். உடம்பு இடுப்புயரம் மேலே போய் இறங்கியது. செவ்வாயில் அது ஒன்றும் அதிசயமில்லை. பூமியின் எடையில் மூன்றில் ஒரு பங்குதானே இங்கே!

சட்டென்று அவன் சுவரைப் பார்த்தான். அட, மக்கு எந்திரமே! பூமியில் பெண் பிள்ளைகள் தாண்ட முடியாத உயரத்தை அளந்து, அதே உயரத்தை இங்கேயும் கட்டி வைத்திருக்கிறாயே!

பின்னுக்குப் போனான். ஓடி வந்தான். ஒரே தாவல்! கண்ணாடிச் சில்லுகளுக்கு மேலே, கைகளை விரித்தபடி, பஞ்சு போல மிதந்து அந்தப் பக்கம் இறங்கினான். இறங்கிய வேகத்தில் ஓட்டம். மூச்சாலைக் கதவை அவன் தள்ளித் திறந்தபோது பெயர் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"நன்மாறன்?"

"வந்துட்டேன்! வந்துட்டேன்!"

"டேய், எப்படிடா வந்த?" என்று வாயைப் பிளந்தாள் பக்கத்து மேசை தேன்மலர்.

"குதிச்சேன்!"

வகுப்பே ஆர்ப்பரித்தது. பேராசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, முதல் வாய்ப்பை அவனுக்கே கொடுத்தார். நீல வால்வில் அவன் கை வைத்தான். அதை முதலில் மூடாவிட்டால் அழுத்தம் பின்னால் பாய்ந்து குழாயையே கிழித்துவிடும் என்றார் பேராசிரியை. அட, இதுதானா! மூடினான். பச்சையைத் திறந்தான். புஸ்ஸென்று புதுக்காற்று முகத்தில் அடித்தது, அவன் தயாரித்த காற்று. "அப்பா! எனக்குத் தெரிஞ்சுபோச்சு!" என்று கத்தினான். மாணவிகள் மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள்.

மூச்சாலைக்கு நேர் எதிரே இருந்த மன்ற அறையில் குழு கூடியிருந்தது. ஒரு நாற்காலி காலி. எட்டு மணி வரை பார்த்தார்கள். பையன் வரவில்லை.

மரகதவல்லிக்கு உண்மையிலேயே மனம் விட்டுப்போயிற்று. "அவனுக்காகத்தான் இந்தக் கூட்டமே. அதுக்கே வரலைன்னா என்ன சொல்றது? நாம என்னதான் தலைகீழா நின்னாலும், ஆம்பளப் பசங்களுக்குப் படிப்புல இயல்பாவே ஆர்வம் கிடையாதுங்க."

எல்லோரும் வருத்தத்தோடு தலையாட்டினார்கள். அதுவே தீர்மானமாகி ஒருமனதாக நிறைவேறியது.

"சரி, அந்த ஜன்னலை யாராவது சாத்துங்கம்மா," என்றார் மரகதவல்லி. "மூச்சாலைப் பக்கம் ஒரே கும்மாளம், காதைப் பிளக்குது."