பதிலை நிறுத்தியவள்

மீட்டிங்கில் அவள் குரல் மறுபடியும் அறுந்து அறுந்து போனபோதுதான், நடையின் கடைசியில் இருந்த ஸ்டோர் ரூமிலிருந்து வந்த இரைச்சலைக் கவனித்தாள். பழைய கம்ப்யூட்டரின் காற்றாடிச் சத்தம். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளாக அது அங்கேதான் ஓடுகிறது. குடும்பப் படங்களைச் சேர்த்துவைக்கவும் வீட்டு இணையத்தைக் கவனிக்கவும் அவள் கணவன் அதில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தான். எப்போதும் மெல்ல முனகும். இன்று ஜன்னலில் மழை அறைகிற சத்தத்தையும் மீறி, மாடிப்படி ஏறி வந்தவர்களுக்கு மூச்சு வாங்குவதுபோல ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"உங்க லைன் சரியில்ல. அப்புறம் பேசலாம்" என்று மேனேஜர் கத்தரித்துவிட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரார் சர்வர்களையெல்லாம் கட்டிக் காப்பது அவள் வேலை. அவள் வீட்டில் இந்த லட்சணம். ஹாலில் மகள் தரையில் கவிழ்ந்து படுத்து, மழை விடுமுறை கொடுத்த மகிழ்ச்சியில், சுவரில் வரையக் கூடாது என்று சொன்னதற்காகவே சுவரோரமாக வரைந்துகொண்டிருந்தது. வீட்டில் அதற்குப் பெயர் வாலு. கூப்பிட்டால் ஒருமுறையில் வராது. ஆனால் அப்பா குரல் கேட்டால் மட்டும் எங்கிருந்தாலும் பறந்து வரும். அந்த அப்பாவும் அவளைப் போலவே சர்வர் வேலைக்காரன்தான். புது வேலை என்று வேறு ஊருக்குப் போய் ஒரு மாதமாகிறது.

லேப்டாப்பிலிருந்தே பழைய கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, அதில் என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் எடுத்தாள். உச்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது, அவள் அதுவரை பார்த்திராத ஒரு சர்வீஸ். முகத்தைக் காட்டாமல் பின்னணியில் ஓடும் நிரல். ஆங்கில எழுத்தில் ‘பதில்’ என்று பெயர். அது என்ன செய்கிறது என்று விளக்கம் எழுதும் இடத்தில் அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘நிறுத்தாதே, ப்ளீஸ்.’

"ப்ளீஸாம், ப்ளீஸ்" என்று முணுமுணுத்தபடி அது எந்தெந்தக் கருவிகளைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பார்த்தாள். மைக். வீட்டுக்குள் ஒரு மைக் திறந்து கிடந்தது. இந்த நிமிடமும் கேட்டுக்கொண்டிருந்தது.

 அவளுக்குக் காதெல்லாம் சூடாகியது. ஊருக்குப் போன புருஷன் வீட்டில் ஒட்டுக்கேட்கக் கருவி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்! அவள் யாரோடு பேசுகிறாள், என்ன பேசுகிறாள் என்று கேட்க. அவன் அம்மாவைப் பற்றி அவள் தன் அக்காவிடம் போனில் புலம்பியது, பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது, எல்லாவற்றையும். அவனுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. ‘வீட்ல ஒட்டுக்கேக்கறியா? வெக்கமா இல்ல?’ என்று செய்தி தட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நிரலைக் கொன்றாள்.

வேறு எண்ணோடு உடனே எழுந்து நின்றது.

செத்தால் தானாக உயிர்த்தெழு என்று எழுதி வைத்திருப்பான், எல்லாரும் செய்வதுதான். இந்த முறை முறைப்படி சர்வீஸையே நிறுத்தினாள். நின்றது. ஸ்டோர் ரூமில் காற்றாடி தணிந்தது. அவள் காபி எடுக்க எழுந்து திரும்புவதற்குள் மறுபடியும் இரைந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை வந்து எழுப்பிவிட தனியாக ஒரு டைமர் வைத்திருந்தான். டைமரை முடக்கினாள். டைமர் போனால் அதைக் கண்டுபிடித்து மீண்டும் வைக்க வேறு பெயரில் இன்னொரு நிரல் ஒளிந்திருந்தது. பூட்டுக்குப் பூட்டு, அதற்கு மேல் ஒரு பூட்டு! இவ்வளவு புத்தியையும் கட்டிய மனைவியை வேவு பார்க்கவா செலவழித்தான்? அதுதான் அவளுக்கு ஆறவில்லை. "விட்டேனா பார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெயரில் எதுவுமே இனி எழ முடியாதபடி முடிச்சுப் போட்டாள். ஒளிந்திருந்ததையும் இழுத்துப் போட்டு அடித்தாள்.

அப்போதுதான் அந்த ஒலிக்கோப்புகள் கண்ணில் பட்டன. ஒரு கூடை நிறைய, எல்லாமே குட்டிக் குட்டியாக. ஒன்றைத் தட்டினாள். லேப்டாப்பிலிருந்து அவள் கணவனின் குரல், விருந்தாளியிடம் பேசுகிற பணிவோடு வந்தது.

"நான்தான். நான் மட்டும்தான் இருக்கேன். வேற யாரும் இல்ல."

இன்னொன்று. தூக்கக் கலக்கத்தில் அதே பேச்சு. இன்னொன்றில் லேசாகச் சிரித்துக்கொண்டு: "ஆமா, இன்னிக்கும் நான் மட்டும்தான்."

வேற யாரும் இல்லையாம். யாரிடம் சொல்கிறான் இதை? எவளிடம்? பெண்டாட்டியும் பிள்ளையும் பக்கத்து அறையில் தூங்கும்போது, இந்த ஸ்டோர் ரூமில் நின்றுகொண்டு, எவளுக்கோ இதைப் பதிவு செய்திருக்கிறான்.  அழக் கூடாது என்று இருந்தது. அதனால் கோபம் இரண்டு மடங்காகியது. அந்த நிரல் இதுவரை என்ன கேட்டது, என்ன பதில் சொன்னது என்பதெல்லாம் லாக்கில், அதன் பதிவேட்டில், வரிவரியாக இருந்திருக்கும். ஆபீஸில் யாராவது லாக் பார்க்காமல் கை வைத்தால் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்பவள் அவள். இன்று திறந்துகூடப் பார்க்கவில்லை. குரல்கள், நிரல், அதன் மறுபிரதி, அந்த மறுபிரதிக்கும் அவன் வைத்திருந்த மறுபிரதி, எல்லாவற்றையும் அடியோடு அழித்தாள்.

காற்றாடி தணிந்தது. இந்த முறை நிஜமாகவே.

அதோடு இன்னொரு சத்தமும் நின்றது. இந்த வீட்டில் எப்போதும் இருந்துவந்த, குழாய்க்குள் யாரோ பேசுவதுபோன்ற, மெல்லிய முணுமுணுப்பு. பக்கத்து வீட்டு டிவி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அது நின்ற பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே உறைத்தது. மழைச் சத்தம் மட்டும் மிச்சம். நடையில் வெளிச்சம் மங்கி, சுவரெல்லாம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

கையோடு அந்தக் கம்ப்யூட்டரின் பிளக்கையும் பிடுங்கிப் போட ஸ்டோர் ரூமுக்குப் போனாள். கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை, அதற்கடியில் வேறு ஒன்று: வெகுநேரம் மூடிக் கிடந்த வாயைத் திறந்தால் வருமே, அந்த வாடை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, பெட்டிகளுக்கும் துடைப்பத்துக்கும் இடையில் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. அதிலிருந்து போன ஒயர்களைக் கண்ணால் தொடர்ந்தாள். மைக்கும் சின்ன ஸ்பீக்கரும் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தன.

ஹாலைப் பார்த்து இல்லை. பின்சுவரைப் பார்த்து.

வீட்டை ஒட்டுக்கேட்பவன் மைக்கை எதற்குச் சுவரோடு ஒட்டுகிறான்? அந்தச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீடு கிடையாது. நான்காவது மாடி. அப்பால் இருப்பது வெறும் வெளியும் மழையும்தான். கையை வைத்துப் பார்த்தாள். சில்லிட்டிருக்க வேண்டிய சுவர். வெதுவெதுப்பாக இருந்தது.

கையை வெடுக்கென்று எடுத்தாள். கதவைச் சாத்தினாள்.  பயப்பட என்ன இருக்கிறது என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. அதற்குள் படுக்கையறையில் போன் அடித்தது. கணவன். ஓடிப்போய் எடுத்தாள்.

"மெசேஜ் பார்த்தேன்" என்றான். மூச்சு வாங்கியது அவனுக்கு. "எதையும் தொடலியே நீ? பதில் ஓடுதுல்ல?"

"ஓட விடுவேன்னு நெனச்சியா? எவ அவ?"

"எவளும் இல்ல. ஐயோ, எவளும் இல்லம்மா. நிறுத்திட்டியா?"

"நிறுத்தல. அழிச்சிட்டேன்."

"பேக்கப்?"

"ரெண்டையும்."

மறுமுனையில் அவன் எங்கேயோ ஓடுவது கேட்டது. மழையில்லாத ஊரின் தெருச் சத்தம், ஒரு ஹாரன். இந்த மனிதன் ஓடி அவள் பார்த்ததே இல்லை. "வாலு எங்க?" என்றான்.

"ஹால்ல. ஏன்?"

"அவள பேச விடாத. வாயைப் பொத்திக் கூட்டிட்டு வெளிய போ. அந்தச் சுவர்ல ஒண்ணு கேக்கும். வீட்ல யாரு இருக்கீங்கன்னு. பதில் வரலைன்னா கேட்டுக்கிட்டே இருக்கும், கிட்ட வந்து வந்து கேக்கும். குடிவந்த வாரமே கேட்டுச்சு. உங்க ரெண்டு பேரப் பத்தியும் அதுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் நான் மட்டும்தான்னு சொன்னேன். தினமும் எழுந்து எழுந்து சொல்ல முடியல. அதான் எழுதி ஓட விட்டேன்."

 அவளுக்குக் கோபம் ஏறியது. "தெரிஞ்சே எங்கள இங்க விட்டுட்டுப் போனியா? வீட்டைக் காலி பண்ணணும்னு தோணல, புரோக்ராம் எழுதணும்னு தோணிச்சா உனக்கு?"

"நல்லாத்தானே ஓடிச்சு" என்றான், அழுகிற குரலில். "ஒருநாள்கூட நிக்கலம்மா. சரி பண்ணிட்டேன்னு நெனச்சேன்."

அவளுக்கு அவனைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது. சர்வர் வேலைக்காரன் புத்தி. எது உடைந்திருக்கிறது என்று பார்க்க மாட்டான். உடைந்தது தொல்லை தராமல் இருக்க ஒரு நிரல் எழுதிவிட்டுத் தூங்கப் போவான். அவள் மட்டும் என்ன? அது என்ன செய்கிறது என்றே பார்க்காமல் அடித்துப் போட்டாள்.

"இல்ல, முதல்ல போனை ஸ்பீக்கர்ல போட்டு அந்தச் சுவர்கிட்ட கொண்டு போ" என்றான் அவன். "நானே சொல்றேன். என் குரல் கேட்டா அடங்கிடும்."

நடைக்கு வந்தாள். ஹாலில் கலர் பென்சில்கள் சிதறிக் கிடந்தன. குழந்தை இல்லை.

அப்போது கேட்டது.

"வீட்ல யாரு இருக்கீங்க?"

அவள் கணவனின் குரல். அதே பணிவு. அந்த லேசான சிரிப்பு. காதோடு ஒட்டியிருந்த போனில் அவன் மூச்சு மட்டும் இரைந்துகொண்டிருந்தது. பேசியது போன் இல்லை. நடையின் கடைசியிலிருந்து வந்தது. பிளக் பிடுங்கிய அறையிலிருந்து. அவன் குரலை இத்தனை நாளும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தது.

"அது நான் இல்ல" என்று போனில் கிசுகிசுத்தான்.

ஓடினாள். கத்தக் கூடாது. கூப்பிடக் கூடாது. நடை இவ்வளவு நீளமா? ஸ்டோர் ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. பெட்டிகளின்மேல் ஏறி, சுவரில் காதை வைத்து, முகமெல்லாம் மலர்ந்து, வாலு.

"அப்பா!" என்றது. "நான் இருக்கேன்ப்பா! அம்மாவும் இருக்கா!"

வாரி எடுத்தாள். எடுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். போனிலிருந்து அவன் அலறிக்கொண்டிருந்தான்: "நான் மட்டும்தான் இருக்கேன். வேற யாரும் இல்ல. நான் மட்டும்தான்." சுவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவனிடம் கேட்க அதற்கு இனி ஒன்றும் இல்லை.

நடை. ஹால். வாசல் கதவு. தாழ்ப்பாள் வழுக்கியது. இழுத்தாள். வரவில்லை. போன் கீழே விழுந்து அணைந்தது. குழந்தையை இறக்கிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தாள்.

"அம்மா" என்றது வாலு.

‘என்னடி’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கண் மகளின் முகத்தில் இருந்தது.

வாலுவின் வாய் மூடியிருந்தது. குழந்தையும் அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பி நடையைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. வாயைத் திறந்தது. உதடுகள் அசைந்தன, தொண்டை ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தது, இன்னும் பெரிதாக. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

"அம்மா" என்றது மகளின் குரல், ஸ்டோர் ரூமிலிருந்து. "அம்மா, நீ எங்க இருக்க?"

அடுத்த ‘அம்மா’ நடையின் பாதியிலிருந்து வந்தது.

அவள் இரண்டு கைகளாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டாள். அவள் காலடியில் அவள் பிள்ளை, சத்தமில்லாத வாயைத் திறந்து திறந்து மூடி, அவள் புடவையைப் பிடித்து இழுத்து இழுத்து, அம்மா ஏன் பதிலே சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.