வெள்ளி போன வழி

காலை 8.10. முகக்கண்ணாடிப் பட்டறையில், வெள்ளி பூசும் கரைசலை ஊற்றிய பிறகும் கண்ணாடியில் முகம் தெரியவில்லை. பழுப்பு பாட்டிலில் கரைசல் கழுத்துவரை நின்றது. அதில் கரைந்திருந்த அரைக் கிலோ வெள்ளியைத்தான் காணோம்.

9.00. இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்ததுமே பட்டறை முதலாளி குதித்தார்.

"கலவை ரூம் சாவி இவகிட்டதான் மேடம். வெள்ளியைப் போடாமலே போட்டேன்னு சொல்லியிருக்கா. புடிச்சு உள்ள போடுங்க!"

கலவை போடுகிறவள் சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் ஜெயிலுக்குப் போனால், ஐந்து வயது மகளுக்குச் சோறு போட ஆளில்லை.

"வேற யாரு உள்ள போனாங்க?"

"நேத்து ஃபேன் மாட்ட எலக்ட்ரீஷியன். பகல் முழுக்க உள்ளதான் இருந்தான். இவ தம்பிதான். போறப்ப அவன் பையை நானே சோதிச்சேன். கம்பிச்சுருள், ஸ்பேனர், அவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணி வெளிய போகல."

மிச்ச வேலைக்காகக் காலையிலேயே வந்திருந்த தம்பி கதவோரம் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையில என்னம்மா பண்ணே?"

"எப்பவும்போல அளவுக் குடுவையில ஊத்தி, ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். அப்புறம் கண்ணாடியில ஊத்தினேன்."

"வித்தியாசமா ஏதாவது?"

"இல்ல மேடம்."

9.40. இன்ஸ்பெக்டர் பாட்டிலைச் சாய்த்து ஒரு டம்ளரில் ஊற்றினார். நல்ல நீலம்!

"ஐயோ, இது பச்சத்தண்ணி மாதிரில்ல இருக்கணும்!" முதலாளி வாயைப் பிளந்தார்.

"செம்புக் கம்பியை உள்ள விட்டிருக்காங்க. செம்பு தன் எலக்ட்ரானைக் கொடுத்துட்டுத் தண்ணியில கரையும், அந்த நீலம்தான் இது. எலக்ட்ரானை வாங்கிக்கிட்ட வெள்ளி, கம்பிமேலயே படிஞ்சிடும். நீங்க தண்ணியைத் தேடினீங்க. வெள்ளி கம்பிச்சுருளோட உங்க கண்ணு முன்னாடியே போயிருக்கு. என்ன தம்பி, சரிதானே?"

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

இன்ஸ்பெக்டர் அவளிடம் திரும்பினார். இப்போது குரலில் கடுமை இல்லை. "வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன்னு நீயே சொன்னே. இந்த நீலம் உன் கண்ணுல படாம இருக்காது. ஏம்மா மறைச்சே?"

அவள் தம்பியைத்தான் பார்த்தாள்.

"எட்டு மணியிலேர்ந்து இவன் மூஞ்சியையே பாத்துட்டு நிக்கிறேன் மேடம். 'எங்கக்கா எடுக்கல'ன்னு அந்த ஒரு வார்த்தையாவது சொல்லுவான்னு பாத்தேன்."