இறங்காத நாக்குமீன்கள்

குளிர் வந்தும் நாக்குமீன்கள் இறங்கவில்லை.

மீன் ஆய்வு நிலையத்தின் கணினித் திரைமுன் அவள் மறுபடியும் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். ஒலிக்கருவி பொருத்திக் கடலில் விட்ட ஒவ்வொரு மீனும் திரையில் ஒரு புள்ளி. இரண்டு கண்களும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருக்கும் தட்டை மீன்கள் அவை; படுத்த தரையின் நிறமாகவே மாறிவிடும். வெயில் காலம் முழுவதும் கரையோரச் சேற்றில் படுத்துக் கிடந்துவிட்டு, தண்ணீர் குளிர்ந்ததும் ஆழத்துக்கு நகர்ந்துவிடுவது அவற்றின் வழக்கம். "இறங்கிட்டாங்க" என்பார்கள் நிலையத்தில், ஏதோ பேருந்தைவிட்டு இறங்கிய சொந்தக்காரர்களைச் சொல்வதுபோல. இந்த ஆண்டு புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றன. அவள் வீட்டுக்கு எதிரே, ஆழமில்லாத நீரில்.

"கிளம்புற வீட்டுல யாராவது ஒருத்தர் தாமதம் பண்ணுவாங்கல்லம்மா," என்றார் நிலையத்துப் படகோட்டி. "அந்த மாதிரி யாருக்கோ காத்துக்கிட்டிருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மீன்களின் ஒலியைக் கேட்கும் கருவிகளைக் கடலடியில் பொருத்துவது அவள் தம்பியின் வேலை. கடைசியாக மூழ்கியபோது கயிறு சிக்கி, காற்று தீர்ந்து, எல்லோரும் நம்பிக்கை இழந்தபின் மேலே வந்தான். கடவுள் செயல் என்றார்கள். அவளும் கைகூப்பி அழுதாள். அன்றிலிருந்து அவன் கட்டிலில் படுப்பதில்லை. சாத்திய அறையில், வெறுந்தரையில் ஒட்டிக் கிடந்தான். அருகே போனால் சேற்று வாடை எழுந்து, தொண்டைக்குள் உப்பாகக் கரித்தது.

நேற்று அவன் பாதங்களை வெந்நீரில் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தாலும் சூடேறாத பாதங்கள்.

"அக்கா, அவங்க இன்னும் இறங்கலையா?"

"இல்லடா."

"எனக்காகத்தான் நிக்கறாங்க."

"போடா லூசு." பாதங்களை அவள் விடவில்லை. "எங்கயும் போயிடாதடா. அக்காவுக்காக இரு."

அவன் கன்னத்தைத் தரையோடு அழுத்திக்கொண்டான்.

"சரிக்கா. இருக்கேன்."

அன்பாகச் சொன்ன ஒரு சொல்லைக் கடவுள் கைவிடமாட்டார் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையோடுதான் இன்று வேலைக்கு வந்திருந்தாள்.

மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் புள்ளிகள் அசைந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, ஆழத்தை நோக்கி.

"இறங்கிட்டாங்கம்மா!" என்று கைதட்டினார் படகோட்டி. "எல்லாரும்!"

எல்லாரும் என்றால்?

அவள் பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். கடலோரச் சாலையில் காற்று நின்றுபோயிருந்தது. நீர் தட்டையாக, சத்தமின்றிக் கிடந்தது. கதவு உள்ளே தாழிட்டிருப்பதைக் கண்டபோது அவளுக்கு உயிர் வந்தது. போகவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். சமையலறைச் சன்னல் வழியே உள்ளே குதித்து, அவன் அறையைத் திறந்து விளக்கைப் போட்டாள்.

யாரும் இல்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். இல்லை. சன்னல் மூடியிருந்தது. புள்ளி புள்ளியான மொசைக் தரை மட்டும், சுவரிலிருந்து சுவர்வரை.

"தம்பி?"

"அக்கா."

மிகத் தாழ்வாக. மிக அருகில்.

ஒரு அடி எடுத்து வைத்தாள். கால் பட்ட இடம் மெத்தென்று அமுங்கியது. குளிர்ந்தது. மெல்ல மூச்சு விட்டது.

அவள் குனிந்தாள்.

கட்டைவிரலுக்குப் பக்கத்தில், மொசைக் சில்லுகளுக்கு நடுவே, ஒன்றையொன்று ஒட்டியபடி இரண்டு கண்கள் திறந்தன. இரண்டும் அவளையே பார்த்தன.

அன்போடு.