செருப்புக்குக் காவல்

பாறசாலைச் சந்திப்பில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அதற்குள் யாரும் செருப்போடு நுழையக் கூடாது. தூசி பட்டால் கம்ப்யூட்டருக்குச் சளி பிடிக்கும் என்பார் சத்தியராஜ் சார். அது 1999ஆம் வருடம். சார் சொன்னதைப் பிள்ளைகள் நம்பினார்கள்.

அங்கே ஆறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஆறையும் வயர் போட்டு ஒன்றோடொன்று இணைத்திருந்தார் சார். சனிக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் அரைமணி நேரம் டாங்கி விளையாட்டு, அதாவது பீரங்கி வண்டிச் சண்டை, நடக்கும். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். அவரவர் கம்ப்யூட்டரில் அவரவர் டாங்கி. ஆனால் எல்லா டாங்கியும் ஒரே ஊருக்குள் ஓடும். முதலில் ஒரு குறுகலான சந்து. பிறகு ஒரு பாலம். அதைத் தாண்டினால் பெரிய வெளி.

ஒவ்வொரு டாங்கியிலும் கொஞ்சம் குண்டுகள் இருக்கும். டாங்கி வெடித்துவிட்டால் மிச்சக் குண்டுகள் தரையில் சிதறும். பக்கத்தில் யார் வந்தாலும் அள்ளிக்கொள்ளலாம்.

வெடித்த டாங்கிக்காரர் உடனே எழுந்து வெளியே போய்விட வேண்டும். உள்ளேயே நின்றால் மற்றவர்களின் திரையைப் பார்த்து, யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுப்பார்களாம். வெளி வராந்தாவில், செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பெஞ்சு கிடந்தது.

மினி ஏழாம் வகுப்பு. அவளுடைய அணியில் எட்டாம் வகுப்பு ஷிபுவும் ஐந்தாம் வகுப்புத் தாணுவும் இருந்தார்கள். சென்டரிலேயே ஷிபு மாதிரி டாங்கி ஓட்ட ஆள் கிடையாது. தாணுவுக்கு எந்தப் பொத்தான் இடது, எது வலது என்பதே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் தொடங்கிய உடனே ஷிபு, தனக்கு முன்னால் நின்ற டாங்கியைச் சுட்டான். அது தாணுவின் டாங்கி.

"அண்ணா, அது நானாக்கும்," என்றான் தாணு.

"தெரியும்லே. உன் கையில குண்டு இருந்தா வேஸ்ட். என் கையில இருந்தா ஜெயிக்கலாம். நீ போய் செருப்புக்குக் காவல் இரி."

மினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தாள்.

அன்று அவர்கள் ஜெயித்தார்கள். அதனால் அடுத்த சனிக்கிழமையும் ஷிபு அதையே செய்தான். அதற்கடுத்த வாரமும் செய்தான். தாணு வந்து உட்காருவான், நாற்காலியை இழுத்துச் சரிசெய்வான், 'டும்' என்று வெடிப்பான், எழுந்து போவான்.

"சார், எங்க ஆளே என்னச் சுடுதாவ," என்று ஒருமுறை சாரிடம் சொல்லிப் பார்த்தான்.

"கேம்தானே மோனே," என்றார் சார். பிரிண்டரில் காகிதம் சிக்கியிருந்தது. அவர் கவலை அவருக்கு.

சென்டரில் தாணுவுக்கு 'காவலு' என்று பெயர் விழுந்தது. மாடிப்படியில் பார்த்தால்கூட, "எலே காவலு, என் செருப்பு பத்திரமா?" என்று ஷிபு கேட்பான்.

இது சரிதானா என்று மினிக்கு எப்போதாவது தோன்றும். ஜெயிக்கிறோமே, அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்றும் தோன்றும். இரண்டில் எது என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. முடிவு செய்யாமலே விட்டுவிட்டாள்.

பிறகு தாணு வருவதை நிறுத்திவிட்டான்.

அந்த வாரம் அவனுடைய நாற்காலியில் ஷிபுவின் கூட்டாளி அஜீஷ் உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கியது. மினி சந்தில் திரும்புவதற்குள் அவள் திரை கறுத்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஷிபு சிரித்துக்கொண்டிருந்தான்.

"நான் நல்லாத்தானே ஓட்டுவேன்?" என்றாள்.

"நல்லா ஓட்டுவ. ஆனா எங்க மூணு பேர்ல நீதான் மோசம். யாராவது ஒராள் போணும்லா?"

அஜீஷ் சிரித்தான். வாய்விட்டே சிரித்தான்.

மினி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே 'டும் டும்' என்று சத்தம் கேட்டது. யாரோ கைதட்டினார்கள். காதெல்லாம் சுட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செருப்புகளைப் பார்த்தாள். ஒன்று குப்புறக் கிடந்தது. ஒன்றுக்கு ஜோடியைக் காணவில்லை.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. இத்தனை வாரமும் ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது செருப்புகள் ஜோடி ஜோடியாக, வாசலைப் பார்த்து வரிசையாக இருக்கும். கால் நுழைத்தால் போதும். யார் அடுக்கியது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று ஆட்டம் முடிந்ததும் சார் ஒரு செய்தி சொன்னார். அடுத்த சனிக்கிழமை நெய்யாற்றின்கரை சென்டர் பிள்ளைகள் போட்டிக்கு வருகிறார்கள். "மினி, ஷிபு, தாணுன்னு பெயர் குடுத்தாச்சு. இனி மாத்த முடியாது. தாணு வரல்லேன்னா போட்டி இல்ல."

படியிறங்கும்போது ஷிபு மினியைப் பிடித்துக்கொண்டான். "நீ போய் அந்தக் காவலுவக் கூட்டிட்டு வா. இனிமே சுடமாட்டேன்னு சொல்லு."

"நெசமாவா?"

"சும்மா சொல்லு ஏட்டி. அவன் குண்டு இல்லாம நெய்யாற்றின்கரைக்காரங்கள எப்படி ஜெயிக்கது?"

வீட்டில் அவள் முகத்தைப் பார்த்து அம்மா புஷ்பபாய், "கம்ப்யூட்டர் படிக்கப் போன பிள்ள, யுத்தத்தில தோத்த ராஜா மாதிரி வாறா," என்றாள். மினி சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவள் தாணுவின் வீட்டுக்குப் போனாள். அவன் முற்றத்தில் ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"நான் வரமாட்டேன்," என்றான், அவள் கேட்பதற்கு முன்பே.

"ஷிபு உன்ன ரொம்பச் சுட்டுட்டான்..."

"சுட்டது ஷிபு அண்ணன்தான். ஆனா சிரிச்சது நீங்களாக்கும், மினியக்கா."

மினி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் இப்போது உதவவில்லை.

"ஆமா. சிரிச்சேன்," என்றாள். "நேத்து என்னயும் சுட்டான். அப்பத்தான் தெரிஞ்சது. அதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

தாணு ஒரு ஷீட்டின் மடிப்பை நீவினான். பிறகு கேட்டான்: "நான் வந்தா, அவரு இனி சுடமாட்டாரா?"

'சும்மா சொல்லு' என்ற குரல் அவள் காதில் கேட்டது.

"சுடுவான்," என்றாள் மினி. "ஆனா நான் உனக்கும் அவனுக்கும் நடுவில நிப்பேன். நீ திரும்பிப் பாக்காம நேரா பாலத்துக்குப் போயிரு."

"உங்களச் சுடுவாரே?"

"சுடட்டும்."

"அப்ப செருப்புக்குக் காவலு?"

"நான் இருக்கேன்."

முதல்முறையாகத் தாணு அவளை நிமிர்ந்து பார்த்தான். வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை.

ஆனால் சனிக்கிழமை வந்துவிட்டான். எண்ணெய் வைத்துத் தலையை அழுத்திச் சீவியிருந்தான்.

ஆட்டத்துக்கு முன்னால் மினி ஷிபுவிடம் சொன்னாள்: "இன்னைக்குத் தாணுவச் சுடாத. மூணு பேரும் சேந்து போவோம்."

"ஜெயிக்கணுமா வேண்டாமா?"

"சேந்து ஜெயிப்போம்."

"ஒன் டீச்சர் வேலையெல்லாம் வீட்டில வச்சுக்கோ," என்றான் ஷிபு.

ஆட்டம் தொடங்கியது. மினி தன் டாங்கியைக் குறுக்கே திருப்பி, சந்து வழியை அடைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஷிபு. முன்னால் தாணு, முட்டி மோதிப் பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"மாறு, வழிய விடு," என்றான் ஷிபு.

மினி மாறவில்லை.

"ஏட்டி, மாறுன்னா மாறு."

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு மடியில் கையைக் கட்டிக்கொண்டாள். 'டும்' என்றது. திரை கறுத்தது. எதிரில் இருந்த நெய்யாற்றின்கரைப் பெண் தோழியின் காதில் மலையாளத்தில், இவர்களே ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்களே, நமக்கு வேலை மிச்சம் என்றாள். சின்னக் குரல்தான். எல்லாருக்கும் கேட்டது. ஷிபுவின் காதும் சிவந்தது.

மினி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜோடி சேர்த்து, வாசலைப் பார்த்து வைத்தாள். ஷிபுவின் செருப்பு வந்தபோது ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தாள். மாடியிலிருந்து கீழே எறிந்தால் நேரே சாக்கடைதான். பிறகு அதையும் வரிசையில் வைத்தாள்.

கதவு திறந்தது. தாணுதான் வருகிறான் என்று நினைத்தாள். வந்தது ஷிபு.

"உன்னாலதான்," என்றான். பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்தான். "அவன் குண்டும் இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேன்."

"என் குண்டு கிடைச்சுதே."

உள்ளே இன்னும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தாணு இன்னும் வெளியே வரவில்லை. ஷிபு கதவைப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான். மறுபடியும் கதவைப் பார்த்தான்.

"அந்தப் பயல் என்ன செய்யான் இவ்வளவு நேரம்?"

"விளையாடுகான்," என்றாள் மினி.

கடைசியில் தாணு வந்தான். தலைமயிர் கலைந்து, சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. "தோத்தாச்சு," என்றான். "ஆனா அவுங்கள்ல ஒராள நானும் வெடிக்க வச்சேன்."

ஷிபு எழுந்தான். "இனி நீங்க ரெண்டு பேரும் என் டீம்ல கிடையாது."

"செரி," என்றாள் மினி.

வரிசையாக இருந்த செருப்பில் கால் நுழைத்து ஷிபு படியிறங்கிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை சென்டர் வகுப்பில் யாரும் தன்னோடு பேசமாட்டார்கள் என்று மினிக்குத் தெரியும்.

மினியும் தாணுவும் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்து வழியாக நடந்தார்கள். திடீரென்று தாணு நின்றான்.

"அக்கா, ஒரு காரியம் தெரியுமா? பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குளம் உண்டு. எனக்கு இத்தன நாளும் தெரியாதாக்கும். பெரிய குளம். நீலமா இருக்கும். கரையில மரமெல்லாம் நிக்கும்."

மினி அந்தக் குளத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அந்த மரங்களுக்குப் பின்னால் ஒளிந்தும் இருக்கிறாள்.

"அப்படியா? பொறவு?" என்றாள்.

தாணு கைகளை அகல விரித்து, குளம் எவ்வளவு பெரியது என்று காட்டத் தொடங்கினான்.