சுக்கானின் பங்கு

முத்தையாபுரத்தில் தனியாகக் கால்நடை மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் முத்துக்கனி, அன்று சனிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து நின்றுகொண்டே இருந்தார். ஓர் ஆட்டுப் பிரசவம், இரண்டு பூனை, வாலைக் கதவு நசுக்கிய ஒரு பொமரேனியன். பதினோரு மணிக்குத்தான் நாற்காலியில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார். இட்லியைப் பிட்ட நேரத்தில் பிலோமினா ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவள் தூக்கிவந்த சாக்கில் சுக்கான் துவண்டு கிடந்தது.

சுக்கான் பதினோரு வயதுக் கடற்கரை நாய். பிலோமினாவின் புருஷன் இனிகோ கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர். அவர் வள்ளத்தில் எட்டு வருஷம் கூடவே போய் வந்த நாய் அது. இடுப்பு மூட்டு தேய்ந்துபோனதால் இப்போது கரையில் காத்துக் கிடப்பதோடு சரி. அந்த வலிக்கு முத்துக்கனிதான் மூன்று வாரம் முன்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்.

"வெசம் வச்சிட்டான் டாக்டரம்மா," என்றாள் பிலோமினா. "கடைக்கார இசக்கிராஜாதான். கருவாட்டைத் தூக்குதுன்னு, இந்த நாய்க்கு ஒருநாள் இருக்குன்னு ஊரறியச் சொன்னான். எந்தம்பிமாரு ரெண்டு பேரும் அவன் கடை முன்னாடி நிக்காங்க. நீங்க வெசம்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, மிச்சத்த அவங்க பாத்துக்கிடுவாங்க."

முத்துக்கனி நாயின் பல் ஈறைப் பார்த்தார். வெளுத்திருந்தது. மலம் தார் போலக் கறுப்பு. வயிற்றில் கை வைத்ததும் நாய் முனகியது. குடலில் ரத்தம் கசிகிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. தான் எழுதிய மாத்திரையே இதைச் செய்யக்கூடும் என்பதும் நினைவுக்கு வந்தது. டிபன் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார்.

உதவியாளர் நல்லக்கண்ணு அதற்குள் டிரிப் பாட்டிலை மாட்டி, ரத்தம் எடுத்து மிஷினில் வைத்துவிட்டார். துறைமுகத்தில் இருபது வருஷம் காவல் வேலை பார்த்தவர். எந்தத் திருடனையும் பிடித்ததில்லை. அந்தக் குறை இன்னும் தீரவில்லை.

"வாந்தி எடுத்தா மாத்திரைய நிறுத்திட்டு உடனே வரச் சொன்னேனே," என்றார் முத்துக்கனி.

"கருவாட்டத் தின்னுட்டுக் கக்குதுன்னு நெனச்சேன். மாத்திரைய நான் ஒழுங்காத்தான் குடுத்தேன். காலையில மீன்சோத்துல வச்சு, ஒரு நாளைக்கு ஒண்ணு."

பிலோமினா பொய் சொல்கிறவள் இல்லை. கோயில் காலண்டரையே சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தாள். மாத்திரை கொடுத்த நாளுக்குப் பென்சிலில் ஒரு கோடு, வாந்தி எடுத்த நாளுக்கு ஒரு வட்டம். மாத்திரை முப்பது வாங்கியது. கோடு இருபது, அட்டையில் மிச்சம் பத்து. கணக்கு சரியாக இருந்தது.

போலீசுக்குக் காட்ட என்று நேற்று சாயங்கால வாந்தியையும் ஒரு டப்பாவில் அடைத்து வந்திருந்தாள். முத்துக்கனி அதைக் குச்சியால் கிளறினார். ஊறிப்போன பன் துண்டு. அதில் ஒட்டியபடி ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய தோல் ஒன்று.

"பன்னு," என்றார் நல்லக்கண்ணு. வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்துவிட்டது. "இசக்கிராஜா கடையில பன்னு விக்கான் டாக்டரம்மா. கேஸ் முடிஞ்சுது."

"நாங்க வீட்டுல பன்னே வாங்குததில்ல," என்றாள் பிலோமினா.

முத்துக்கனி வாந்தி டப்பாவை மூடி வைத்தார். காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரும்பாலும் எல்லா நாளிலும் வட்டம் இருந்தது. ஞாயிறுகளில் இல்லை. இரண்டாம் வாரம் புதன், வியாழன், வெள்ளியிலும் இல்லை. அந்த நாள்களிலும் மாத்திரைக் கோடு மட்டும் தவறாமல் விழுந்திருந்தது.

"நல்லக்கண்ணு, போன வாரம் புதன்லேருந்து வெள்ளி வரைக்கும் என்ன விசேஷம்?"

"விசேஷம் என்ன? பேய்க்காத்து. ஞாயித்துக்கிழமை மாதிரி ஒரு படகும் போகல. மீன்துறைக்காரங்க கடலுக்குப் போக டோக்கனே குடுக்கல."

அப்போது இசக்கிராஜா உள்ளே வந்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. "கடைய அடச்சிட்டு வந்துட்டேன் டாக்டரம்மா. இந்தக்கா தம்பிமாரு அடிக்க நிக்காங்க. வாய் இருக்கே, அது கோவத்துல சொல்லிப்போட்டுது. சாமி சத்தியமா நான் ஒண்ணும் வைக்கல."

"நீ ஞாயித்துக்கிழமை கடை தொறப்பியா?" என்று கேட்டார் முத்துக்கனி.

"வருசம் முந்நூத்தறுபத்தஞ்சு நாளும் தொறப்பேன்."

"காத்தடிச்ச அன்னைக்கு?"

"காத்துக்கும் கடைக்கும் என்ன? தொறந்துதான் இருந்தேன். நாயும் அங்கனதான் படுத்துக் கெடந்துது."

"அப்போ இவன் இல்ல," என்றார் முத்துக்கனி. "வெசம் வைக்கிறவனுக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது. என் மாத்திரை மட்டும்னும் சொல்ல முடியாது, அது ஞாயித்துக்கிழமையும் உள்ள போயிருக்கு. படகு போன நாள்ல மட்டும் இந்த நாய்க்கு யாரோ பன்னுல எதையோ வச்சுக் குடுக்காங்க. இசக்கிராஜா, படகு கரைக்கு வந்ததும் ஒங்கடையில பன்னு வாங்குதது யாரு?"

இசக்கிராஜா வாயைத் திறந்தான். பிலோமினாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் இனிகோ நின்றார். சேதி கேட்டுக் கரையிலிருந்து நேரே வந்திருக்கிறார், கைலியில் உப்பு காய்ந்திருந்தது. படியேறும்போது கைப்பிடியைப் பற்றி, வலது காலை இழுத்து வைத்தார். இடது கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பன். சட்டைப்பையில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. மேசையில் கிடந்த சுக்கான் தலையைத் தூக்க முடியாமல் வாலை மட்டும் ஒருமுறை அசைத்தது.

"சட்டைப்பையில இருக்கத எடுங்க இனிகோ," என்றார் முத்துக்கனி.

இனிகோ தயங்கி எடுத்தார். மெடிக்கலில் சில்லறையாக வாங்கிய டைக்ளோஃபினாக் வலி மாத்திரை, பாதி காலியான அட்டை. வாந்தியில் கிடந்த தோலின் அதே ஆரஞ்சு நிறம்.

"கரைக்கு வந்ததும் ஒண்ணு போடுவேன்," என்றார் இனிகோ. "அப்பதான் முட்டு வலி அடங்கும். இது கரையில என்னையப் பாத்து நொண்டிட்டே வரும். பாத்துட்டு எப்படி டாக்டரம்மா நான் மட்டும் முழுங்க? வள்ளத்துல வந்தவனுக்குப் பங்கு உண்டுல்லா. மீனுல குடுத்திருக்கேன், சோத்துல குடுத்திருக்கேன். அதான் எம்மாத்திரைலயும் பாதி குடுத்தேன்."

நல்லக்கண்ணுகூடத் தன் திருடனை இப்படி எதிர்பார்க்கவில்லை.

முத்துக்கனிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. "மனுசன் போடுற வலி மாத்திரை நாய்க்கு ஆகாது இனிகோ. அரை மாத்திரையே வயித்தைப் புண்ணாக்கும். இதுல நான் ஏற்கெனவே ஒண்ணு எழுதிருக்கேன். ரெண்டும் ஒரே இனம். ரெண்டும் சேந்து குடலை அரிச்சு, கிட்னியையும் கெடுக்கும். ஒரு நேரத்துல ஒரு மாத்திரைதான், அதுவும் சாப்பாட்டோட, டாக்டர் சொன்ன அளவு." கொஞ்சம் நிறுத்தினார். "வேற மாத்திரை எதுவும் குடுக்கீங்களான்னு அன்னைக்கு பிலோமினாகிட்டதான் கேட்டேன். வீட்டுல எல்லார்கிட்டயும் கேக்கச் சொல்லிருக்கணும். என் மேலயும் தப்பு இருக்கு."

மிஷின் காகிதத்தைத் துப்பியது. கிட்னி கொஞ்சம் அடிவாங்கியிருந்தது, கைமீறிப் போகவில்லை. இரண்டு மாத்திரையையும் நிறுத்தி, குடற்புண்ணுக்கு மருந்து கொடுத்து, மூன்று நாள் டிரிப் ஏற்றினால் தேறிவிடும் என்றார் முத்துக்கனி. பிலோமினா உடனே தம்பிகளுக்குப் போன் போட்டு வீட்டுக்குப் போகச் சொன்னாள். "தப்பா நெனச்சிட்டேன் தம்பி," என்று இசக்கிராஜாவிடம் தரையைப் பார்த்துச் சொன்னாள். அவன் போதும் போதும் என்று கையை ஆட்டிவிட்டுக் கடை திறக்கப் போனான்.

பிறகு அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கு எத்தன நாளா வலி?"

இனிகோ நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். "இதுக்கு வருமுன்னயே."

"எங்கிட்டச் சொல்லலியே."

"சொன்னா கடலுக்கு விடுவியா?"

பிலோமினா அவர் வலது காலைப் பார்த்தாள். "நாய் நொண்டுன அன்னைக்கே ஆட்டோ புடிச்சு இங்கன வந்தேன்," என்றாள். "ஒரே வீட்டுல தான இருக்கீங்க. ஒங்க காலை நான் பாக்கவே இல்லியே."

முத்துக்கனி பெரியாஸ்பத்திரி எலும்பு டாக்டரின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினார். திங்கட்கிழமை காலையில்தான் பார்ப்பார் என்றார்.

"திங்கக்கெழம தொழிலுக்குப் போணும்," என்றார் இனிகோ.

பிலோமினா காலண்டரை மேசையில் விரித்தாள். பென்சிலை எடுத்து, திங்கட்கிழமையைச் சுற்றி அழுத்தமாக ஒரு வட்டம் போட்டு, அதற்குள் புருஷன் பெயரை எழுதினாள்.