சங்கு அலமாரி

பெரிய சங்கைத் துடைத்து முடித்ததும் கடைக்காரி அதை வழக்கம்போல் காதில் வைத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை.

தூசி அடைத்திருக்கும் என்று ஊதினாள். மறுபடி வைத்தாள். இல்லை. கிணற்றை மூடி வைத்தாற்போல் ஓர் அமைதி.

தீவுக்கு வருகிறவர்கள் சிரட்டைக் கரண்டி, ஓலைப்பெட்டி, வண்ண மணல் அடைத்த குப்பி, கிராம்புப் பொட்டலம் என்று எதை வாங்கினாலும் முதலில் கை போவது சங்கின் மேல்தான். "காதுல வச்சுப் பாருங்க, கடல் கேக்கும்" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பாதி வயது போய்விட்டது. சங்குகளை மூழ்கி எடுத்து வந்தவன் அவள் புருஷன். ஒரு மழைக்காலத்தில் மூழ்கியவன் மேலே வரவேயில்லை.

அவன் போன பிறகு, "கடையை வித்துட்டு என்கூட வந்துடும்மா" என்றாள் மகள். இவள் அசையவில்லை. "அப்ப அந்தக் கடையையே கட்டிக்கிட்டு அழு!" என்று அவள் படகேறியதிலிருந்து, ஃபோனில் "நல்லா இருக்கேன்", "சரி வச்சிடறேன்" என்பதோடு சரி. பேசப் பேசச் சண்டை வருமோ என்ற பயம் இரண்டு பக்கமும். வா என்று இவளும் அழைத்ததில்லை, வரவா என்று அவளும் கேட்டதில்லை. ஆள் வராத மழைக்காலங்களில் வாய் துருப்பிடித்துவிடக் கூடாதே என்று கடைக்காரி சங்குகளிடமே பேசிக்கொண்டிருப்பாள். மகளிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் அலமாரியைப் பார்த்துச் சொல்வாள்.

வாசலில் படகுத்துறை டிக்கெட்காரர் குடையை உதறினார்.

"அக்கா, இதுதான் கடைசி போட்டு. காத்து அடங்கற வரைக்கும் இனிமே கிடையாது. வரீங்களா?"

"நான் எங்கப்பா போறது? போய்ட்டு வா."

"தனியா இருப்பீங்களே!"

"இத்தனை பேர் இருக்காங்களே" என்று அலமாரியைக் காட்டிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அலமாரியை ஒருமுறை பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போனார்.

பொழுது சாயும்போது கரண்ட் போனது. ஈரப் பாயின் வாடையும் பலகையில் ஊறிய உப்பும் இருட்டோடு சேர்ந்து கடைக்குள் கனத்துக் கிடக்க, தகரக் கூரையில் மழை ஓய்ந்து சொட்டுச் சொட்டாய் விழ, மெழுகுவத்தியைப் பற்றவைத்தவள் என்ன தோன்றிற்றோ, இன்னொரு சங்கை எடுத்துக் காதில் வைத்தாள். சத்தமில்லை. அதற்கடுத்தது. அதுவும் இல்லை. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தாள். காலியாக இருப்பதன் அமைதியாக அது தோன்றவில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதுபோல் இருந்தது.

பெரிய சங்கைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"என்ன இது..." என்று வாய்விட்டுச் சொன்னாள். குரல் பாதியில் தேய்ந்தது. தொண்டையைச் செருமினாள். செருமும் சத்தமும் வரவில்லை.

அலமாரியில் யாரோ செருமினார்கள்.

அவள் பின்னால் நகர்ந்தாள். மணல் குப்பி ஒன்று கையில் பட்டு விழுந்து உடைந்தது. உடைந்த சத்தம் கேட்டது. காது நன்றாகத்தான் இருக்கிறது. "யாரது?" என்றாள். உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

"யாரது?" என்றது மேல்தட்டு. அவளுடைய குரல். அதே கரகரப்பு.

"யாரது?" என்றது கீழ்த்தட்டு, மெதுவாக. பழகிப் பார்ப்பதுபோல்.

ஃபோன் அடித்தது. மகள். பாய்ந்து எடுத்தாள். விரல் பட்டதில் ஸ்பீக்கர் திறந்துகொண்டது.

"அம்மா? புயல்னு சொல்றாங்களே, எப்படி இருக்கே?"

வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை.

"நல்லா இருக்கேன்டி" என்றது அலமாரி. "உன்னைத்தான் நெனச்சிட்டே இருந்தேன்."

மறுமுனையில் ஒரு விசும்பல். "என்னம்மா திடீர்னு இப்படிச் சொல்றே..."

"கோவமெல்லாம் போதும்மா. காத்து அடங்கினதும் வந்துடு. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வா. பாக்கணும்போல இருக்கு."

அத்தனையும் அவள் சொன்னவைதான். இத்தனை வருஷமாக அலமாரியைப் பார்த்துச் சொன்னவை. வராதே என்று குரலில்லாமல் கத்தினாள். வராதே, வராதே. ஃபோனைத் தரையில் அடிக்கக் கை ஓங்கினாள். முடியவில்லை. அதற்குள்ளே மகள் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வரேம்மா. கட்டாயம் வரோம். சின்னவ பக்கத்துலதான் நிக்கறா, பாட்டிகிட்ட பேசணுமாம். குடுக்கட்டா?"

"குடு" என்றது.

மெழுகுவத்தி வெளிச்சத்தில், பெரிய சங்கின் இளஞ்சிவப்பு விளிம்பு ஈரமாக விரிந்து குவிந்தது.

"கண்ணு" என்றது. "பாட்டி உனக்கு என்ன எடுத்து வச்சிருக்கேன் தெரியுமா?"