காலடிக்கு ஒரு செடி

உள்காட்டில் அந்தக் களைச்செடிகள் முளைத்திருந்ததே தப்பு. அவை ஒற்றை வரிசையில் முளைத்திருந்தது அதைவிடத் தப்பு.

வனக்காவலரான அவள் குனிந்து பார்த்தாள். வேலியோரம் மாதக்கணக்காக அவள் வேரோடு பிடுங்கிப் போடும் அதே செடி. எங்கிருந்தோ வந்த வண்டிகளின் டயரில் ஒட்டி வந்த சனியன். ஆனால் இங்கே வண்டி வராது. அவளைத் தவிர ஒருவரும் கால் வைக்கக் கூடாத இடம்.

வெயில் சாய்ந்திருந்தது. ஈர இலையும் கசங்கிய பச்சையுமாக ஒரு வாடை மூக்கை அடைக்க, பூச்சிகளின் இரைச்சல் சட்டென்று நின்றுபோய், அவளுடைய மூச்சே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. முதல் செடியருகே வலது காலை வைத்தாள். எட்டி நடந்தாள். இடது கால் இரண்டாம் செடியருகே விழுந்தது. மூன்றாவது. நான்காவது. அவளுடைய நடையேதான்.



விதை ஒட்டி வராதிருக்க, காட்டின் எந்தப் பகுதிக்குப் போகுமுன்னும் காலணியைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது சட்டம். "ஏம்மா, செருப்புக்கும் குளியலா?" என்று கேலி பேசுகிறவர்களைக்கூட விடாமல் தேய்க்க வைப்பவள் அவள்தான். ஊருக்கெல்லாம் சட்டம் பேசியவள், நாலு மாதமாகத் தன் பூட்ஸைத் தேய்க்கவில்லை. வீட்டில் கைக்குழந்தை. களை பிடுங்கிய காலோடு உள்காட்டைச் சுற்றிவிட்டு, அதே காலோடு குவார்ட்டர்ஸுக்கு ஓடிப் பிள்ளையைத் தூக்குவாள்.

வரிசை குவார்ட்டர்ஸ் பக்கம் திரும்பியது. அவளும் திரும்பினாள். நடந்தாள். ஓடினாள். முற்றத்தில் ஒன்று. வாசற்படி இடுக்கில் ஒன்று. காலையில் இவை இல்லை.

உள்ளேயிருந்து கணவனின் குரல் கேட்டது. "ஏய், சீக்கிரம் வா! பாப்பா நடக்குறா! யாரும் பிடிக்கல, அவளாவே!"

கதவைத் தள்ளினாள். "அவளைத் தூக்குங்க! கீழ விடாதீங்க!"

"என்னாச்சு உனக்கு? முதல் தடவையா நடக்குறா, நடக்கட்டுமே." செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தவன் பிள்ளையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

குழந்தை சிரித்தது. அதன் பின்னால், சிமெண்ட் தரையைக் கீறிக்கொண்டு, சாண் இடைவெளியில் தளிர்கள். ஐந்து. ஆறு. கடைசித் தளிர் இன்னும் நிமிர்ந்துகொண்டிருந்தது.



"ம்மா," என்று கை நீட்டி, குழந்தை அடுத்த அடிக்குக் காலைத் தூக்கியது. பிஞ்சுப் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே வெள்ளை வேர்கள் நீண்டன. இழுபட்டன. அறுபடவில்லை.